குழந்தைக்குத் தனிச் சட்டி வேண்டாம்: வீட்டுச் சாப்பாடு பழக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களை மின்தூக்கியில் பார்த்தால் பேச்சு முதலில் தூக்கத்தில் தொடங்கும், அடுத்தது சோற்றுக்கு வந்துவிடும். மூத்தவனிடம் செய்த தவறுகளை இளையவளிடம் திருத்திக்கொண்டவள் என்பதுதான் என் ஒரே தகுதி. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை, தோலில் கடுமையான எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) உள்ள குழந்தை என்றால் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ கேட்டுவிட்டே தொடங்குங்கள். மற்றவர்களுக்கு இது உதவும்.

மாமியார் நாலாம் மாதமே கஞ்சி கொடு என்கிறார். தாதி ஆறு மாதம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

தாதி பேச்சை. ஆனால் மாமியார் பொய் சொல்லவில்லை. அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் மருத்துவர்களே நான்கு மாதம் என்றுதான் சொன்னார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் உறுதியாகச் சொன்னது 2001இல்தான். இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியமும் 6 மாத வாக்கில் தொடங்கச் சொல்கிறது.

நாட்காட்டியோடு குழந்தையையும் பாருங்கள். கழுத்து நின்றுவிட்டதா, லேசாகப் பிடித்துக்கொண்டால் உட்காருகிறதா, கரண்டி வைத்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே வாங்குகிறதா, உங்கள் தட்டைப் பார்த்துக் கையை நீட்டுகிறதா? இவை எல்லாம் வந்துவிட்டால் சரி. 4 மாதத்துக்கு முன் எதுவுமே கூடாது. 16 வார மகப்பேறு விடுப்பு முடிகிறதே, குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் விட வேண்டுமே என்று அவசரப்பட்டுத் தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பால் புட்டியும் கொடுப்பார்கள், பயப்பட வேண்டாம்.

அதற்காக எட்டு மாதம் வரை இழுக்கவும் கூடாது. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் தீர்ந்துகொண்டு வரும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு.

முதல் வாய் என்ன கொடுப்பது? அரிசிக் கஞ்சிதானே?

கஞ்சி கொடுக்கலாம். ஆனால் வெறும் அரிசிக் கஞ்சியிலேயே ஒரு மாதம் நிற்காதீர்கள். இப்போது குழந்தைக்கு வேண்டியது இரும்பு. அது பருப்பிலும் கீரையிலும் முட்டையிலும் மீனிலும் கறியிலும் இருக்கிறது, வெள்ளை அரிசியில் இல்லை. பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகவைத்து ஒரு சொட்டு நெய் விட்டால் முதல் வாரத்துக்கு அது போதும். இரண்டாம் வாரத்திலேயே மஞ்சள் பூசணி, கேரட், கீரை, மீன் என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

இன்னொன்று, பருப்புத் தண்ணீர். வேகவைத்த பருப்பின் மேல் தெளிவை வடித்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி என்ற அளவில்தான் குழந்தையின் வயிறு பிடிக்கும். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு காபி டம்ளர் அளவு. அந்தச் சின்ன இடத்தைத் தெளிவால் நிரப்பினால் பருப்புக்கு இடம் ஏது? கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் மெதுவாக இறங்க வேண்டும், அதுதான் பதம்.

கோயிலில் சோறூட்டப் போகிறோம். சர்க்கரைப் பொங்கல் கொடுக்கலாமா?

தாராளமாக, நாக்கில் ஒரு பருக்கை. சடங்குக்கு அது போதும், அன்றைக்கே ஒரு கிண்ணம் ஊட்ட வேண்டியதில்லை. தேன் மட்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் ஒரு துளி தேனும் கூடாது, சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சு உண்டாக்கும். பொட்டுலிசம் என்று பெயர். அது தசைகளைத் தளரச் செய்யும், மூச்சையும் பாதிக்கலாம். கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை, அதாவது தேனோ சர்க்கரைத் தண்ணீரோ, தொட்டு வைக்கும் பழக்கம் உள்ள குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலைக்கும் போய், எங்களுக்கும் சமைத்து, குழந்தைக்கும் தனியாக எப்படிச் சமைப்பது?

தனியாகச் சமைக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நம் சமையலில் எதை எப்போது போடுகிறோம் என்ற வரிசையைக் கொஞ்சம் மாற்றினால் போதும். உப்பும் மிளகாயும் கடைசிக்குப் போகட்டும். அவற்றைப் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டால் குழந்தையின் சாப்பாடு தயார்.

சாம்பார் வைக்கிறீர்கள். பருப்பு மஞ்சள் தூளோடும் பெருங்காயத்தோடும் வெந்துவிட்டது. காய்களை அதிலேயே போட்டு வேகவிடுகிறீர்கள். புளிக் கரைசலும் சாம்பார்ப் பொடியும் உப்பும் போகுமுன் பூசணித் துண்டு இரண்டு, பருப்பு ஒரு கரண்டி எடுத்துவிடுங்கள். முருங்கைக்காயாக இருந்தால் உள்ளே உள்ள சதையைக் கரண்டியால் வழித்து எடுங்கள், நாரும் விதையும் வராமல். குக்கரிலிருந்து இரண்டு கரண்டி சோறு எடுத்துக் குழைத்துக்கொண்டால் ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்று. கீரை மசியல், சௌசௌ கூட்டு, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

மீன் குழம்பு அன்று ஒரு துண்டை மட்டும் மஞ்சள் தடவி இட்லித் தட்டில் ஆவியில் வேகவையுங்கள். கோழிக் குழம்பு என்றால் வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டோடு கோழி வெந்ததும், மிளகாய்த் தூள் போடுமுன் ஒரு துண்டை எடுத்து நார் நாராகப் பிய்த்துச் சோற்றில் பிசைந்துவிடலாம். இடியாப்பத்தைத் தேங்காய்ப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் பல் இல்லாத வாயிலும் கரையும்.

இட்லி மாவுதான் சற்றுத் தந்திரம். வீட்டில் அரைத்தால் உப்புப் போடுமுன் ஒரு சின்ன டப்பாவில் பிரித்து வையுங்கள், இங்குள்ள வெக்கைக்கு உப்பில்லாமலே பொங்கிவிடும். கடையில் விற்கும் பாக்கெட் மாவில் உப்பு பெரும்பாலும் சேர்ந்தே வரும். அதில் செய்த இட்லி பாதி கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது, தினமும் மூன்று வேளையும் அதுவே வேண்டாம்.

உப்பே இல்லாமல் சப்பென்று இருக்குமே. குழந்தை எப்படிச் சாப்பிடும்?

சப்பென்று இருப்பது உங்கள் நாக்குக்கு. இதுவரை பாலை மட்டுமே ருசித்த வாய்க்குப் பூசணியே இனிப்பு. ஒரு வயதுக்குள் மொத்த உப்பு ஒரு நாளைக்கு 1 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் சுகாதாரத் துறை சொல்லும் கணக்கு. தேக்கரண்டியில் ஆறில் ஒரு பங்குகூட முழுதாக வராது. பாலிலும் காய்கறியிலும் இயல்பாகவே கொஞ்சம் இருக்கிறது, நாம் சேர்க்க இடமே இல்லை. சோயா சாஸ், சூப் கட்டிகள், ஊறுகாய் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மிளகு, சீரகம், பூண்டு?

சரி, போடலாம். உப்பு குறைந்த இடத்தை வாசனைதான் நிரப்பும். சீரகம், பெருங்காயம், மஞ்சள், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பூண்டு எதற்கும் தடையில்லை. மிளகு எட்டு மாதத்துக்கு மேல் ஒரு சிட்டிகை. மிளகாயை அவசரப்படுத்த வேண்டாம், அது தானாக வரும். எங்கள் இளையவள் பத்தாம் மாதத்தில் என் ரசத்தைத் தொட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள், பிறகு மறுபடியும் நக்கினாள்.

எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தால் பாதுகாப்புத்தானே?

இதில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். மூத்தவனுக்குத் தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் பதினோரு மாதம் வரை மாவு போல அரைத்தே கொடுத்தேன். ஒரு வயதில் ஒரு பருக்கை சோறு நாக்கில் பட்டாலும் குமட்டினான். பாட்டி வீட்டில் எல்லாரும் வாழை இலை போட்டுச் சாப்பிடும்போது அவனுக்கு மட்டும் மிக்ஸி ஓடும். அதிலிருந்து மீள எட்டு மாதம் ஆனது.

மெல்லுவது பழகி வரும் வேலை. பல் இல்லாவிட்டாலும் ஈறு நன்றாக நசுக்கும். ஆறாம் மாதம் மசித்ததைக் கொடுங்கள். ஏழு, எட்டில் முள்கரண்டியால் அரைகுறையாக நசுக்கி, கட்டி கட்டியாக. ஒன்பது மாதத்துக்குள் கட்டிகள் பழகாத குழந்தைகள் பிறகு சாப்பாட்டில் அடம் பிடிப்பது கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் வீட்டு ஆய்வும் அதையேதான் சொன்னது. எட்டு, ஒன்பது மாதத்தில் கையால் பிடித்துத் தின்னும்படி வேகவைத்த கேரட், இட்லித் துண்டு, பழுத்த பப்பாளி ஆகியவற்றை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். உங்கள் இரு விரல்களுக்கு நடுவே அழுத்தினால் மசிய வேண்டும், அதுதான் அளவு.

கையால் பிசைவது நமக்கு வந்த வரம். சோற்றின் பதம் விரலுக்குத் தெரிவதுபோல எந்தக் கருவிக்கும் தெரியாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிசையுங்கள்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. முதலில் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, மெல்ல மெல்ல 250 மில்லி கப்பில் அரைக் கப் வரை. 9 முதல் 11 மாதத்தில் மூன்று நான்கு வேளை, அரை முதல் முக்கால் கப். ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் ஒரு கப். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். இது சராசரிதான். வாயை மூடிக்கொண்டால், முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். விமானம் பறக்கிறது, காக்கா வருகிறது என்று ஏமாற்றித் திணிக்கும் கடைசி நாலு வாயில் ஒரு பயனும் இல்லை.

தேக்கா சந்தையில் எந்த மீனை வாங்குவது?

காலா மீன், இங்கே குராவ் என்று கேட்டால் எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரியும். சீனப் பாட்டிமார்களும் பேரப்பிள்ளைகளின் கஞ்சிக்கு இதைத்தான் தேடுவார்கள், அதனால் விலை சற்றுக் கூடுதல். முள் குறைவு, சதை மிருது. வாவல் மீனும் நன்று. கிழங்கான் ஊரில் பிள்ளைகளுக்கென்றே வாங்கும் மீன்தான், ஆனால் முள்ளை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும்.

சுறா வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுப்பார்கள், அந்தத் தட்டிலிருந்தே குழந்தைக்கும் ஒரு வாய் போய்விடும். மற்ற மீன்களைத் தின்று பெருக்கும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், சுறா அதில் முக்கியமானது. வளரும் மூளைக்கு அது ஆகாது.

காய்ந்த நெத்திலியைப் பொடித்துக் கஞ்சியில் தூவுவது இங்கே பெரிய வழக்கம். கால்சியம் இருக்கிறது, உண்மைதான். உப்பும் இருக்கிறது. ஊறவைத்துக் கழுவினாலும் முழுதாகப் போகாது. பச்சை நெத்திலி கிடைத்தால் தலையும் குடலும் எடுத்துவிட்டு வேகவைத்து மசியுங்கள்.

முட்டை, நிலக்கடலை எல்லாம் ஒரு வயதுக்கு மேல்தானே?

முன்பு அப்படித்தான் சொல்லிவந்தார்கள். இப்போது தலைகீழாகிவிட்டது. இஸ்ரேலில் குழந்தைகள் சின்ன வயதிலேயே கடலை நொறுக்குத்தீனி தின்பதையும், அங்கே கடலை ஒவ்வாமை குறைவாக இருப்பதையும் கவனித்து லண்டனில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு நிலக்கடலை முதல் வயதிலேயே கொடுக்கப்பட்டது, மறுபாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவில்லை. 2015இல் முடிவு வந்தது. முன்னதாகக் கொடுத்தவர்களுக்குக் கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. எனவே சோறு பழகியதும் நன்றாக வேகவைத்த முட்டையும், வறுத்துத் தோல் நீக்கி நைசாக அரைத்து நீர்க்கக் கரைத்த கடலையும் கொடுக்கத் தொடங்கலாம். கடுமையான எக்ஸிமா இருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது ஒவ்வாமை தெரிந்திருந்தாலோ முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

புதிதாக ஒன்றைக் கொடுப்பது காலை வேளையில், வீட்டில், அரைக் கரண்டி. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். உதடு வீங்குவது, தடிப்பு, வாந்தி எல்லாம் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, குழந்தை துவண்டு போனாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள், டாக்சி பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒத்துக்கொண்ட பிறகு வாரம் இரண்டு மூன்று முறையாவது தொடர்ந்து கொடுங்கள், ஒரு முறை கொடுத்து மறந்துவிடக் கூடாது.

இன்னொரு செய்தி. 1990களில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வில், உணவால் வந்த கடும் ஒவ்வாமைக்கு முதல் காரணமாகப் பறவைக்கூடு இருந்தது. அண்டை வீட்டு ஆன்ட்டி அன்பாகப் பறவைக்கூடு சூப் கொண்டுவந்தால் நன்றி சொல்லி வாங்கி நீங்கள் குடித்துவிடுங்கள்.

ஊரிலிருந்து அம்மா சத்துமாவு அனுப்பியிருக்கிறார்.

அம்மாவின் அன்பு பெரிது, ஆனால் அதில் பதினைந்து பொருள் இருக்கும்: கேழ்வரகு, கம்பு, கோதுமை, பாதாம், முந்திரி, கடலை. ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழகிய பிறகு, எட்டாம் மாதம் போலப் பிரித்துக்கொள்ளுங்கள். திறந்த பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள், இங்குள்ள ஈரப்பதத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும்.

முதலில் கேழ்வரகு மட்டும் கொடுங்கள். முளைகட்டி அரைத்தால் இரும்பை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

நாங்கள் சைவம். இரும்புச்சத்துக்கு என்ன செய்வது?

பருப்பு, பயறு, கேழ்வரகு, கீரை. சந்தையில் பாயம் என்று விற்கும் கீரை நம் தண்டுக்கீரைக்குச் சொந்தக்காரன்தான், மலிவு, தினமும் கிடைக்கும். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும். எனவே பருப்பு சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சை, அல்லது முடித்ததும் ஒரு துண்டு கொய்யாவோ பப்பாளியோ, மசித்து. தயிர் கொடுங்கள், பி12 அதிலிருந்து கிடைக்கும். பாலும் தயிரும் முட்டையும் தொடாத குடும்பம் என்றால் பி12 பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள், பால் கொடுக்கும் தாய்க்கும் சேர்த்து.

தாத்தா பிஸ்கட்டை டீயில் தொட்டுக் கொடுக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது, சர்க்கரை வேறு. தாத்தாவின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, அவருக்கு வேண்டியது ஊட்டும் சுகம்தான்.

சாப்பிடும்போது ஓங்கரிக்கிறது. எனக்கு உயிரே போகிறது.

ஓங்கரிப்பு வேறு, அடைப்பு வேறு. ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும். அது உடலின் காவல், கையை வாய்க்குள் விட்டுத் துழாவாதீர்கள். அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். அப்போது குழந்தையைக் கைமேல் குப்புறக் கிடத்தித் தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் இரு விரலால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்தபடி இன்னொருவரை 995ஐ அழைக்கச் சொல்லுங்கள். படித்து வருவதல்ல இது, ஒரு முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணையும் பாட்டியையும் சேர்த்து அனுப்புங்கள்.

முழு முந்திரி, கடலை, முறுக்கு, மிக்சர், பச்சைக் கேரட், முழுத் திராட்சை, தேங்காய்ச் சில்லு, மீன் உருண்டை எதுவும் கொடுக்கக் கூடாது. நூடல்ஸ் கிண்ணத்திலிருந்து மீன் உருண்டையை எடுத்துக் கொடுப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். உருண்டையாக, வழுக்கலாக, மூச்சுக்குழாயை மூடும் அளவிலேயே இருக்கும் பண்டம் அது.

காலையில் சமைத்ததைச் சாயங்காலம் கொடுக்கலாமா?

மேசைமேல் மூடி வைத்ததைக் கூடாது. இங்குள்ள வெப்பத்தில் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. சோறு அதிலும் மோசம், மீண்டும் சூடாக்கினாலும் சாகாத நச்சு அதில் உருவாகும். சமைத்ததும் குழந்தைக்கு வேண்டியதைப் பிரித்து, ஆறியவுடன் குளிர்பெட்டியில் வையுங்கள். பருப்பையும் மசித்த காயையும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு கட்டி ஒரு கரண்டி. வேண்டியதை மட்டும் ஒரே முறை நன்றாகச் சூடாக்கி ஆறவைத்துக் கொடுங்கள், மிச்சத்தைத் திருப்பி வைக்காதீர்கள்.

மலம் இறுகிவிட்டது.

புதுச் சாப்பாட்டில் சகஜம். சாப்பாட்டோடு கொதித்து ஆறிய தண்ணீர் சில மடக்கு, பழுத்த பப்பாளி, கீரை. ரத்தம் தெரிந்தாலோ வயிறு உப்பினாலோ மருத்துவர்.

ஒரு கீரையை மூன்று நாளும் துப்பிவிட்டது. பிடிக்கவில்லை என்று விட்டுவிடலாமா?

மூன்று நாள் போதாது. புது ருசி பிடிபட எட்டு, பத்து முறைகூட ஆகலாம். துப்பினால் அன்று விட்டுவிட்டு நாலு நாள் கழித்து வேறு ஒன்றோடு சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், குழந்தையை மட்டும் உட்கார வைத்து ஊட்டாமல் உங்களோடு மேசைக்கு இழுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கீரையை ருசித்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதும் பாடம்தான். கைப்பேசி வேண்டாம்.

எப்போதிலிருந்து எல்லாருக்கும் வைப்பதையே வைக்கலாம்?

ஒரு வயதுக்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லாமே. பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் தேனும் அப்போதிலிருந்து சரி. அதற்கு முன் பாலைச் சமையலில் சேர்க்கலாம், தாய்ப்பாலுக்கோ மாவுப்பாலுக்கோ பதிலாகக் கொடுக்கக் கூடாது. 1 முதல் 3 வயது வரை உப்பு நாளுக்கு 2 கிராம்தான். முழுக் கடலையும் முந்திரியும் நான்கு ஐந்து வயது வரை காத்திருக்கட்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. குழந்தைக்காக உப்பைக் கடைசியில் போடப் பழகினோம், பிறகு குறைவாகவே போடப் பழகிவிட்டோம். மாமனாருக்கு ரத்த அழுத்தம் உண்டு, அவர் ஒன்றும் சொல்லவில்லை. கணவருக்கு மட்டும் இன்னும் மேசையில் ஒரு சின்ன உப்புக் கிண்ணி இருக்கிறது.